பழைய டெஸ்க்டாப்புக்கு வைஃபை வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய டெஸ்க்டாப் ஒன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கணக்கு வழக்கு பார்க்க, பிள்ளைகள் படிக்க, பிரிண்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது, ஆனால் ரவுட்டர் ஒரு அறையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வேறு அறையில் இருக்கிறது, நடுவில் கேபிள் இழுக்க வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காக நல்ல கம்ப்யூட்டரை ஓரமாகப் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்ய வேண்டாம். வைஃபை என்பது வெளியிலிருந்து சேர்க்கக்கூடிய ஒரு சின்னப் பாகம்தான், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காமலேயே கூடச் சேர்த்துவிடலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேபிள் இழுக்க முடிந்தால் கேபிள்தான் நல்லது. ஒரே அறை, பத்தடி தூரம் என்றால் வைஃபைக்குப் போகவே வேண்டாம். அது முடியாத இடத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

இன்னொன்று. பெரும்பாலானவர்கள் டப்பாவின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்துத்தான் அடாப்டர், அதாவது வைஃபையைச் சேர்க்கும் அந்தப் பாகத்தை, வாங்குகிறார்கள். பழைய கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த எண் மூன்றாவது விஷயம். முதல் விஷயம், உங்களிடம் இருக்கும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ அதன் டிரைவர் (அடாப்டரை இயக்கும் சின்ன மென்பொருள்) கிடைக்கிறதா என்பது. இரண்டாவது, அதன் ஆன்டெனா எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண அடாப்டரே போதும். இரண்டும் தப்பினால் எவ்வளவு உயர்ந்ததை வாங்கினாலும் வீண்தான்.

வாங்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். சிபியு பெட்டியைத் திருப்பி, லேன் போர்ட், யுஎஸ்பி போர்ட்டுகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தங்க நிறத்தில் மரை போட்ட இரண்டு சின்னக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறது, ஆன்டெனாதான் தொலைந்துபோயிருக்கிறது. ஆன்டெனா மட்டும் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் புது அடாப்டர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து யுஎஸ்பி போர்ட்டுகள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் அது யுஎஸ்பி 3.0, கறுப்போ வெள்ளையோ என்றால் 2.0. யுஎஸ்பி 2.0 காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் 300ஐ ஒட்டித்தான் தரும். 3.0 என்றால் 5 கிகாபிட். வீட்டு இணைய இணைப்பு 100 மெகாபிட் என்றால் 2.0 போர்ட்டே தாராளம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 7ஆ, 10ஆ, 32 பிட்டா, 64 பிட்டா? விண்டோஸ் பொத்தானையும் பாஸ் (Pause) பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் வரும் பக்கத்தில் இரண்டும் இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நிற்கும்போதோ ஆன்லைனில் தேடும்போதோ இதுதான் உங்களுக்குத் துணை.

பெட்டிக்குள் மாட்டும் வைஃபை கார்டு போடும் எண்ணம் இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்லாட்டுகளையும் பார்க்க வேண்டும். பழைய மதர்போர்டுகளில் இரண்டு வகை இருக்கும். எட்டரை சென்டிமீட்டர் நீளத்தில், பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது பழைய பிசிஐ. இரண்டரை சென்டிமீட்டருக்குக் குட்டையாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. கிராபிக்ஸ் கார்டு மாட்டும் நீளமான ஸ்லாட்டும் எக்ஸ்பிரஸ்தான், அது எக்ஸ்16. இன்றைக்கு டெஸ்க்டாப்புக்குக் கிடைக்கும் வைஃபை கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்1 வகை. எக்ஸ்1 கார்டை நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் பழைய பிசிஐ ஸ்லாட்டில் எப்படியும் நுழையாது. பெயர் ஒன்று போல இருப்பதால் இங்கே ஏமாந்துபோவது சுலபம். பிசிஐ ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறது என்றால் கார்டு யோசனையை விட்டுவிட்டு யுஎஸ்பிக்குப் போய்விடுங்கள்.

மூன்று வழிகள், எது யாருக்கு

யுஎஸ்பி அடாப்டர் எல்லோருக்கும் ஏற்றது. சொருகினால் முடிந்தது, நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளலாம். இதில் நகத்தின் அளவுக்கு இருக்கும் குட்டி அடாப்டர்களை டெஸ்க்டாப்புக்கு வாங்காதீர்கள். அவை மடிக்கணினியில் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகச் சின்னதாகச் செய்தவை. ஆன்டெனா மிகச் சிறியது, நேரம் போகப் போகச் சூடும் ஏறும். டெஸ்க்டாப் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொருள், அதற்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டர் எந்த வகையிலும் இடைஞ்சல் கிடையாது.

உள்ளே மாட்டும் கார்டு நிலையானது. யாரும் தட்டிவிட முடியாது, யுஎஸ்பி போர்ட்டும் மிச்சம், பல கார்டுகளில் புளூடூத்தும் சேர்ந்தே வரும். கம்ப்யூட்டரை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், பெட்டியைத் திறக்கப் பயமில்லை என்றால் இது நல்ல வழி.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: ஒரு பழைய ரவுட்டரையோ லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டரையோ கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு சின்ன லேன் கேபிள் போட்டுவிடுவது. வைஃபை வேலையை அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு லேன் கேபிள்தான். டிரைவர் என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் கம்ப்யூட்டருக்கும், டிரைவர் கிடைக்காத எந்தக் கம்ப்யூட்டருக்கும் இதுதான் தீர்வு.

டப்பா மேல் இருக்கும் எண்களைப் படிப்பது

வைஃபை 4 என்பது 2009இல் வந்த 802.11என். வைஃபை 5 என்பது 802.11ஏசி, அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும், 2.4க்குப் பழைய என் தரத்தையே பயன்படுத்திக்கொள்ளும். வைஃபை 6 என்பது 802.11ஏஎக்ஸ், இரண்டு அலைவரிசைகளிலும் உண்டு. புது அடாப்டர் பழைய ரவுட்டரோடும், பழைய அடாப்டர் புது ரவுட்டரோடும் பேசிக்கொள்ளும், இரண்டில் மெதுவானதன் வேகத்தில்.

ஏசி1200 என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி முழு எண்ணாக்கியது. ஏசி600 என்றால் 150ம் 433ம். ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் அடாப்டர் இணையும், ஆகவே கூட்டுத்தொகை ஒருநாளும் உங்களுக்குக் கிடைக்காது. அந்த 867லும் பாதியை ஒட்டித்தான் உண்மையான டவுன்லோடு வேகமாக வரும். இதில் குறையொன்றும் இல்லை, வைஃபை வேலை செய்யும் விதமே அப்படி: ஒரே காற்றில் எல்லாக் கருவிகளும் முறை வைத்துப் பேச வேண்டும், ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துக்கும் கிடைத்துவிட்டது என்று பதில் வர வேண்டும், அதற்கே நேரம் போகிறது.

வாங்கும்போது நான் பார்ப்பது, இரண்டு அலைவரிசையும் உண்டா என்பது. 150 அல்லது 300 என்று மட்டும் போட்ட அடாப்டர்கள் பெரும்பாலும் 2.4இல் மட்டும் இயங்குபவை, அவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் கண்ணுக்கே தெரியாது. அக்கம்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ரவுட்டர்கள் இருக்கும் இடத்தில் 2.4 நெரிசலாகக் கிடக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இரண்டு மூன்று கனத்த சுவர்கள் இருந்தால் 2.4தான் கைகொடுக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. ஆக, இரண்டும் இருப்பது நல்லது.

டிரைவர் விஷயத்தை முதலில் முடியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அடாப்டர் வாங்கிய பிறகு டிரைவர் தேட ஆரம்பித்தால் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்: டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கூடவே வரும் குட்டி சிடியைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் சிடி டிரைவ் பல வருடம் முன்பே உயிரை விட்டிருக்கும்.

விண்டோஸ் 10, 11 இரண்டும் பல அடாப்டர்களைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸ் 7 என்றால் கவனம். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்ற வைஃபை 6 கார்டுகளுக்கு இன்டெல் தரும் டிரைவர் 64 பிட் விண்டோஸ் 10க்கும் அதற்கு மேற்பட்டதற்கும்தான். விண்டோஸ் 7இல் வைஃபை 6 கனவை விட்டுவிட்டு வைஃபை 5 அடாப்டர் வாங்குவது புத்திசாலித்தனம். விண்டோஸ் 7க்கு யுஎஸ்பி 3.0 டிரைவரும் தனியாகப் போட வேண்டும், போடாத வரை நீல போர்ட் செத்ததுபோல இருக்கும், அதைப் பார்த்து அடாப்டர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், கறுப்பு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். அப்புறம் 2019இல் வந்த ஷா-2 அப்டேட் போடாத விண்டோஸ் 7, புதிய டிரைவர்களின் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்காது. டிரைவர் போட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி போகவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இன்டெல் கார்டில் இன்னொரு எச்சரிக்கை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1இல் முடியும் எண்கள், வைஃபை வேலையில் ஒரு பகுதியைப் புதிய இன்டெல் சிப்செட்டுக்குள் வைத்திருப்பவை. பழைய மதர்போர்டில் அவை அறவே வேலை செய்யாது. பழைய கம்ப்யூட்டருக்கு 0வில் முடியும் 200, 210தான். ஒரே ஓர் எண் வித்தியாசம், படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

டிரைவரை எங்கே எடுப்பது? அடாப்டர் கம்பெனியின் இணையதளத்தில், உங்கள் மாடல் எண்ணையும் வெர்ஷன் எண்ணையும் வைத்து. வெர்ஷன் முக்கியம். ஒரே பெயர், ஒரே டப்பா, ஆனால் வெர்ஷன் 1இல் ஒரு சிப்பும் வெர்ஷன் 2இல் வேறு சிப்பும் இருப்பது சகஜம். அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் வி1, வி2 என்று இருக்கும். வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ டிரைவரை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வேறு கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அதை ஒரு லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையைத்தான் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. அதாவது அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்கள் போனே ஒரு வைஃபை அடாப்டர். கேபிள் மட்டும் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிளாக இருக்கக் கூடாது, டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும்.

யுஎஸ்பி அடாப்டர் போடுவது

கம்ப்யூட்டரை ஆன் செய்து விண்டோஸ் முழுதாக வந்த பிறகு அடாப்டரைச் சொருகுங்கள். சில கம்பெனிகள் டிரைவரை முதலில் போட்டுவிட்டு அடாப்டரைப் பிறகு சொருகச் சொல்லும், அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். கீழே வலது மூலையில் வைஃபை குறி வந்துவிட்டால் டிரைவர் தானாகவே உட்கார்ந்துவிட்டது.

சில அடாப்டர்கள் சொருகியதும் வைஃபையாகத் தெரியாமல் ஒரு சிடி டிரைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், டிரைவரை உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திறந்து செட்டப்பை ஓடவிட்டால், முடிந்ததும் அது தன் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபை அடாப்டராக மாறிக்கொள்ளும்.

எதுவும் வரவில்லை என்றால் ஸ்டார்ட் பொத்தானில் வலது க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள் (விண்டோஸ் 7இல் ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுங்கள்). மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு வரி இருக்கும். அதில் வலது க்ளிக், அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரிலேயே தேடு என்பதைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவில் வைத்திருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். என்ன சிப் என்றே தெரியவில்லை என்றால், அதே வரியின் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும். தயாரிப்பாளருக்கு நாலு எழுத்து, பொருளுக்கு நாலு எழுத்து. அந்த எட்டையும் அப்படியே தேடினால் எந்த சிப் என்று தெரிந்துவிடும், டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அடாப்டரைப் பெட்டியின் பின்னால் நேரடியாகச் சொருகி அப்படியே விட்டுவிடாதீர்கள். சிபியு பெட்டி இரும்பு. அது மேசைக்கு அடியில், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரவுட்டரிலிருந்து வரும் அலைக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு, பின்னால் ஒரு சுவர், நடுவில் அந்தக் குட்டி ஆன்டெனா. என் அண்ணன் வீட்டில் இப்படித்தான் இருந்தது. இரண்டு கோடு சிக்னல், வீடியோ அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும், நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை வெளியே கொண்டுவந்து மேசை மேல் மானிட்டருக்குப் பக்கவாட்டில் நிமிர்த்தி ஒட்டினேன். இணைப்பு வேகம் 39 மெகாபிட்டிலிருந்து 130க்குப் போனது. அடாப்டர் அதேதான், ரவுட்டர் அதேதான், மாறியது இடம் மட்டும்.

எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய இரைச்சலைக் கிளப்புபவை, இன்டெல்லே 2012இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. பக்கத்துப் போர்ட்டில் ஒரு யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் காப்பி செய்துகொண்டிருக்கும்போது மட்டும் வைஃபை தள்ளாடினால் காரணம் இதுதான். அடாப்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

கேபிள் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம், ரொம்ப நீண்டால் மின்சாரம் மெலிந்துபோகும். பழைய பெட்டிகளின் முன்பக்கப் போர்ட்டுகளையும் நம்ப வேண்டாம், உள்ளே மெல்லிய கம்பியில் போய்ச் சேர்வதால் பல நேரம் போதிய மின்சாரம் வராது. மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும் பின்பக்கப் போர்ட்டில் கேபிளைச் சொருகி, அதன் மறுமுனையை வெளியே கொண்டுவருவதே சரி.

கார்டு போடுவது

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பின்னால் பவர் கேபிளையும் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். பக்கத் தகட்டைத் திறந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் போய்விடும். பழைய பெட்டிகளின் தகட்டு ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்ததுதான் திறந்தீர்கள், ஒரு பிரஷ்ஷால் தூசியையும் தட்டிவிடுங்கள்.

எந்த ஸ்லாட்டில் போடப்போகிறீர்களோ அதற்கு நேரே பெட்டியின் பின்சுவரில் ஒரு நீளத் தகடு மூடியிருக்கும். அதன் ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை எடுங்கள். ஒல்லியான பெட்டியாக இருந்தால் கார்டோடு வந்த குட்டைத் தகட்டை முதலில் மாற்றிப் போட வேண்டும், வாங்கும்போதே அந்தக் குட்டைத் தகடு கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் ஃபேனை ஒட்டியிருக்கும் ஸ்லாட்டைத் தவிர்ப்பது நல்லது, சூடு நேரே வந்து அடிக்கும்.

கார்டின் விளிம்புகளை மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. கார்டில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் தடுப்பும் நேராக வருகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக நேர்கீழாக அழுத்துங்கள். சாய்த்து ஆட்டி ஆட்டி நுழைக்க வேண்டாம். பற்கள் முழுவதும் மறைந்து, பின்தகடு பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தால் சரி, ஸ்க்ரூவைப் போடுங்கள்.

புளூடூத்தும் உள்ள கார்டாக இருந்தால் அதிலிருந்து ஒரு சின்ன கேபிள் மதர்போர்டின் யுஎஸ்பி ஊசிகளுக்குப் போக வேண்டும். இரண்டு வரிசையில் ஒன்பது ஊசி, ஒரு மூலையில் ஊசி இல்லாத இடம். கேபிளின் அடைத்த துளை அந்த இடத்தில் வர வேண்டும். வைஃபை வருகிறது, புளூடூத் மட்டும் வரவில்லை என்றால் இந்தக் கேபிளை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆன்டெனாக்களைக் கடைசியில், வெளியிலிருந்து விரலால் திருகுங்கள். இடுக்கி எல்லாம் வேண்டாம். இங்கேயும் அதே இரும்புப் பெட்டிப் பிரச்சினைதான்: கார்டில் நேரடியாக மாட்டும் குச்சி ஆன்டெனாக்கள் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காந்த அடியோடு, ஒரு மீட்டர் கேபிளில் வரும் ஆன்டெனா உள்ள கார்டாக வாங்கினால் அதை மேசை மேலோ பெட்டியின் தலையிலோ வைத்துக்கொள்ளலாம். காசு கொஞ்சம் கூடினாலும் அதற்குத்தான் என் ஓட்டு.

கம்ப்யூட்டர் கார்டையே பார்க்கவில்லை என்றால் கழற்றி மறுபடி போடுங்கள், அப்புறம் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். சில போர்டுகளில் பயாஸிலேயே (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) ஸ்லாட்டை அணைத்து வைத்திருக்கும் வாய்ப்பும் உண்டு.

ரவுட்டரைப் பாலமாக்குவது

பழைய ரவுட்டரின் செட்டிங்ஸில் கிளையண்ட், பிரிட்ஜ் அல்லது ரிப்பீட்டர் என்று ஒரு மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்ப்யூட்டரை அதன் லேன் போர்ட்டில் இணைத்து, அந்த மோடுக்கு மாற்றி, பட்டியலில் வரும் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி, உதாரணத்துக்கு 192.168.1.1, இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பழையதை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஹெச்சிபியையும் அணைத்துவிடுங்கள், முகவரி கொடுக்கும் வேலையை முதன்மை ரவுட்டரே பார்க்கட்டும். கம்பெனி சாஃப்ட்வேரில் இந்த மோட் இல்லை என்றால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் அந்த மாடலுக்கு உண்டா என்று பாருங்கள், பல பழைய ரவுட்டர்களுக்கு அது மறுவாழ்வு கொடுத்திருக்கிறது.

எக்ஸ்பியில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இப்படி இணைப்புக் கொடுத்தால் அதை விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாகத் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் வையுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2014இலேயே நின்றுவிட்டன, வீட்டின் மற்றக் கருவிகளோடு அது ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம்.

லினக்ஸ் என்றால்

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவர்களுக்குச் சிப்தான் எல்லாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பாகப் பார்த்து வாங்கினால் சொருகிய உடனே வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் டிரைவரை மறுபடி கட்ட வேண்டிய தலைவலி. யுஎஸ்பியில் மீடியாடெக் எம்டி7612யு, கெர்னல் 4.19 முதலே உள்ளே இருக்கிறது, வைஃபை 5க்கு இதைத்தான் நான் சொல்வேன். 2.4 போதும் என்றால் ஏதரோஸ் ஏஆர்9271 பல வருடமாக அசையாமல் நிற்கும் சிப். கார்டில் இன்டெல் ஏஎக்ஸ்200க்கு கெர்னல் 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். ரியல்டெக்கின் 8812பியு, 8821சியு போன்ற யுஎஸ்பி சிப்களுக்கு 6.2லிருந்துதான் கெர்னலுக்குள் ஆதரவு வந்தது, பழைய பதிப்பு வைத்திருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இணைத்த பிறகு வரும் சங்கடங்கள்

வீட்டு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட்டு இணைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லேன் கேபிள் இன்னும் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். விண்டோஸ் எப்போதும் கேபிளுக்கே முன்னுரிமை கொடுக்கும்.

போனில் தெரியும் நெட்வொர்க் இதில் தெரியவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்காகவும் உங்கள் அடாப்டர் 2.4 மட்டும் பார்ப்பதாகவும் இருக்கலாம். ரவுட்டர் 2.4இல் 12, 13ஆம் சேனலில் இருந்தாலும் சில அடாப்டர்களுக்குத் தெரியாது, 1, 6, 11 மூன்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். ரவுட்டர் வைஃபை 6 ஆக இருந்து, அடாப்டரின் டிரைவர் ரொம்பப் பழையதாக இருந்தாலும் நெட்வொர்க் பட்டியலில் வராது. டிரைவரை அப்டேட் செய்தால் தீர்ந்துவிடும்.

நெட்வொர்க் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் ஏற்க மறுக்கிறது என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 7க்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்தது என்று மாற்றினால் உள்ளே விடும். அதற்கு நேர் எதிரான சங்கடமும் உண்டு: பழைய ரவுட்டரில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை வைத்திருந்தால் எவ்வளவு நல்ல அடாப்டரும் 54 மெகாபிட்டைத் தாண்டாது, ஏஇஎஸ் என்று மாற்ற வேண்டும்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7இல் வைஃபை குறியே வரவில்லை என்றால் சர்வீசஸில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுகிறதா என்று பாருங்கள், கேபிளிலேயே காலம் தள்ளிய கம்ப்யூட்டரில் யாராவது அதை நிறுத்தி வைத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று, இது பழைய டெஸ்க்டாப்புக்கே உரிய சங்கதி. தெரிந்தவர் ஒருவருக்கு அடாப்டர் போட்டுக் கொடுத்தேன், சிக்னல் முழுசாக இருக்கிறது, இணைந்திருக்கிறது என்றும் காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்றுதான் வருகிறது. டிரைவரை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒரு மணி நேரம் போனது. தற்செயலாக மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை மின்சாரத்தை அணைக்கும்போதும் தேதி பின்னால் ஓடியிருக்கிறது. இணையதளங்களின் சான்றிதழ்களுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, கம்ப்யூட்டரின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே பிரவுசர் ஏற்க மறுத்திருக்கிறது. அந்த பேட்டரியின் பெயர் சிஆர்2032, பெரும்பாலான பழைய டெஸ்க்டாப்களில் இதேதான். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பழையதை ஓரத்தில் இருக்கும் கொக்கியை நெம்பி எடுத்துவிட்டு, பிளஸ் குறி மேலே பார்க்கும்படி புதியதை வையுங்கள். பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமித்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் பக்கங்கள் திறக்க ஆரம்பிக்கும்.